கையளிக்கப்பட்ட விசுவாசத்தை இன்றைய வாழ்வில் பொருத்துவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்களே ஆனவர்களும், விசுவாசக் குடும்பத்தில் பிறந்து இப்போதுதான் தாமாகச் சிந்திக்கத் தொடங்கியிருப்பவர்களும் என்னிடம் கொண்டுவரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அழைக்கிறார்கள், போகலாமா? வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கலாமா? இறந்தவரின் உடலை எரியூட்டலாமா? ஆலயத்துக்குப் போகாமல் திரையில் ஆராதனையைப் பார்த்தால் போதுமா? இவற்றுக்கு நேரான ஒரு வசனத்தைத் தேடிக் கிடைக்காமல் சோர்ந்துபோகிறவர்கள் ஒருபுறம். கிடைத்த முதல் வசனத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பிறரை அதனால் அளக்கிறவர்கள் மறுபுறம். இரு சாராருக்கும் நான் வகுப்பில் சொல்லித்தரும் முறையை இங்கே எழுதுகிறேன். பதில்களின் பட்டியலாக இதை வாசிக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு, உங்களை உண்மையிலேயே உறுத்துகின்ற ஒரு கேள்வியோடு வாசியுங்கள்.

முன்னோடியாக ஓர் அதிகாரம்

தொடங்குமுன் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள். கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் நம்முடையதைப் போன்ற சிக்கலையே எதிர்கொண்டார்கள். யூதரல்லாதவர்கள் இயேசுவை ஏற்றுக்கொண்டபோது அவர்களும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பது கேள்வி. வேண்டும் என்று வாதிட்டவர்களிடம் வலுவான ஆதாரம் இருந்தது: ஆதியாகமம் 17ஆம் அதிகாரம் அதை நித்திய உடன்படிக்கையின் அடையாளமாகவே வைத்திருக்கிறது. கூட்டத்தில் முதலில் தர்க்கம் நடக்கிறது. யூதரல்லாத படைத்தலைவர் கொர்நேலியுவின் வீட்டில் தேவன் செய்ததைப் பேதுரு எடுத்துச் சொல்கிறார். பர்னபாவும் பவுலும் தங்கள் பயணங்களில் நடந்தவற்றை விவரிக்க, எல்லாரும் அமைதியாகக் கேட்கிறார்கள். பிறகு யாக்கோபு எழுந்து ஆமோஸ் தீர்க்கதரிசியின் வார்த்தைகளைச் சொல்லி, இவர்கள் கண்டதும் முன்பே எழுதப்பட்டதும் ஒத்துப்போகின்றன என்று காட்டுகிறார். அவசியமான நான்கு காரியங்களைத் தவிர வேறு பாரத்தைச் சுமத்துவதில்லை என்று கடிதம் எழுதப்படுகிறது.

அந்த நான்கில் ஒன்று, விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றை விலக்குவது. சில ஆண்டுகளுக்குப் பின் கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல் அதையே மேலும் நுணுக்கமாகப் பிரிக்கிறார். கோவில் பந்தியில் அமர்ந்து உண்பது ஒன்று. சந்தையில் விற்கிறதை விசாரியாமல் வாங்கி உண்பது வேறொன்று. விருந்துக்கு அழைத்த வீட்டில் ஒருவர், "இது படைக்கப்பட்டது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது மூன்றாவது நிலை. அப்போஸ்தலர் கூடி எடுத்த தீர்மானத்தையே இடமறிந்து பொருத்த வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நம் காலத்தில் அந்த உழைப்பு தேவைப்படுவதைப் பற்றிப் பதற்றப்பட மாட்டோம்.

முதற்படி: கேள்வியை எழுதுங்கள்; அது யாருடைய கேள்வி என்று பாருங்கள்

"நவீன உலகில் கிறிஸ்தவன் எப்படி வாழ வேண்டும்?" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை முறைப்பணி வந்திருக்கிறது, ஒப்புக்கொள்வதா?" என்று எழுதினால்தான் சிந்தனைக்குப் பிடி கிடைக்கும். ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் ஆள், செயல், காலம் மூன்றும் இருக்கட்டும்.

இந்தப் படியை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறினால். பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஒருவர் தயங்கி நின்று, விசுவாசியின் உடலை எரியூட்டுவது தவறா என்று கேட்டார். நான் உற்சாகமாக ஆபிரகாம் வாங்கிய கல்லறை நிலத்திலிருந்து தொடங்கி, ஆதித் திருச்சபை அடக்கம் செய்வதை ஏன் விரும்பியது என்பதுவரை கால் மணி நேரம் விளக்கினேன். அவர் தலையசைத்துக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லிப் போனார். பத்து நாட்களுக்கு முன்புதான் அவருடைய தாய் இறந்திருந்தார் என்பதும், உறவினர் தீர்மானப்படி உடல் எரியூட்டப்பட்டிருந்தது என்பதும் எனக்குப் பிறகே தெரிந்தது. அவர் கேட்டது விதியை அன்று. "என் தாய் உயிர்த்தெழுவாரா?" என்பதே அவருடைய கேள்வி. அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அன்று முதல், "இது உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்காமல் யாருக்கும் பதில் சொல்வதில்லை. உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ளும்போதும் அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இது என் பயமா, என் ஆசையா, பிறருடைய கட்டாயமா?

இரண்டாம் படி: உங்களிடம் வந்து சேர்ந்ததை அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள்

நமக்குக் கையளிக்கப்பட்டவை எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. முதல் அடுக்கு விசுவாச அறிக்கை: 325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்தினோப்பிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்களில் வரையறுக்கப்பட்டதும், சபைப் பிரிவுகளைத் தாண்டிப் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் இன்றும் அறிக்கையிடுவதும் அதுவே. இரண்டாம் அடுக்கு கட்டளைகள்: தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்பு, பொய் சொல்லாமை, களவு செய்யாமை, தாய் தகப்பனைக் கனம்பண்ணுதல். மூன்றாவது, சபை ஒழுங்கு: ஆராதனை முறை, உபவாச நாட்கள், யார் எந்த ஊழியம் செய்யலாம் என்பன. நான்காவது பழக்கம்: உடை, இசைக்கருவி, பாடும் மெட்டு, அமரும் முறை.

மேற்குத் திருச்சபையில் பல நூற்றாண்டுகள் திருப்பலி லத்தீனில் நடந்தது. அதை விசுவாசத்தின் ஒரு பகுதியாகவே கருதியவர்கள் இருந்தார்கள். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஆவணத்தின் மூலம் மக்கள் மொழிகளுக்கு வழிவிட்டபோது, அது மூன்றாம் அடுக்கைச் சேர்ந்தது என்பது வெளிச்சமாயிற்று. பவுலே தம் வார்த்தைகளைப் பிரித்துக் காட்டத் தயங்கியதில்லை: 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில் ஓரிடத்தில் இது கர்த்தருடைய கட்டளை என்கிறார், இரண்டு வசனம் தள்ளி, இதை நான் சொல்கிறேன், கர்த்தர் அல்ல என்கிறார், பிறகு, கட்டளை இல்லை, என் கருத்தைச் சொல்கிறேன் என்கிறார். அப்போஸ்தலர் கடைப்பிடித்த இந்த நேர்மையில் பாதியாவது நம் அறிவுரைகளில் இருந்தால் எத்தனையோ மனக்காயங்களைத் தவிர்த்திருக்கலாம்.

பிரிக்கும்போது தவறு இரு பக்கமும் நேரும். பழக்கத்தை விசுவாச அறிக்கையின் இடத்துக்கு உயர்த்துவது பெரியவர்கள் செய்யும் தவறு. சங்கடமான கட்டளையை, "அது அந்தக் காலத்துப் பழக்கம்" என்று கீழே இறக்கிவிடுவது இளையவர்கள் செய்யும் தவறு. பிரித்து முடித்ததும், உங்களுக்கு வசதியாக அமைந்த ஒவ்வொன்றையும் மறுபடி ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள்.

மூன்றாம் படி: அந்தப் போதனை எதைக் காக்க வந்தது?

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மற்ற படிகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று வகுப்பில் சொல்வேன். வட்டியை எடுத்துக்கொள்வோம்.

யாத்திராகமம் 22ஆம் அதிகாரம், உன்னிடத்தில் இருக்கும் ஏழைக்குப் பணம் கடனாகக் கொடுத்தால் வட்டி சுமத்தாதே என்கிறது. அடுத்த இரண்டு வசனங்களைப் பலரும் வாசிப்பதில்லை. பிறனுடைய மேல்வஸ்திரத்தை அடகாக வாங்கினால் சூரியன் அஸ்தமிக்குமுன் திருப்பிக் கொடுத்துவிடு. அவன் போர்த்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். வேறு எதைப் போர்த்திப் படுப்பான் என்று கேட்கிறது. அந்தக் காட்சியைக் கண்முன் கொண்டுவாருங்கள். கடன் வாங்கியவர் வியாபாரம் பெருக்க வந்தவர் அல்லர். இரவில் போர்த்திக்கொள்ளும் ஒற்றைத் துணியை அடகு வைக்கும் நிலையில் இருப்பவர். அவருடைய நெருக்கடியிலிருந்து இலாபம் எடுக்காதே என்பதே கட்டளையின் உயிர்.

திருச்சபை இதைக் கடுமையாகவே கடைப்பிடித்தது. நிசேயா சங்கம் வட்டி வாங்கும் குருமாரைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்தவர்களுக்குத் திருவிருந்தையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. ஆனால் வணிகம் வளர்ந்தபோது, கடன் வாங்குகிறவர் எப்போதும் ஏழை அல்லர் என்ற நிலை உருவானது. ஒருவருடைய பணத்தை முதலாக்கி மற்றொருவர் இலாபம் ஈட்டினார். 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்தாந்து சீர்திருத்தவாதி கால்வின், ஏழைகளிடம் வட்டி வாங்கக் கூடாது என்பன போன்ற வரம்புகளோடு அதை அனுமதித்தார். 1745இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட், கடன் கொடுத்ததற்காகவே வட்டி கேட்பதைக் கண்டித்தார். ஆனால் நியாயமான வேறு காரணங்களுக்காகக் கூடுதல் தொகை பெறுவதை மறுக்கவில்லை.

இந்த வரலாற்றைக் கேட்டதும், "ஆக, திருச்சபை காலத்துக்கேற்ப வளைந்துகொடுத்துவிட்டது" என்று சிலர் முடித்துவிடுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மேல்வஸ்திரம் இன்றும் அடகுக்கு வருகிறது. சேமிப்புக் கணக்கின் வட்டியைப் பெறுகிறவருக்கு அந்தக் கட்டளையோடு பெரிய மோதல் இல்லாமல் இருக்கலாம். மருத்துவச் செலவுக்குத் தவிக்கும் ஒருவருக்குக் கைப்பேசிச் செயலி வழியே நொடியில் கடன் கொடுத்து, தவணை தவறியதும் அவருடைய தொடர்புப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அவமானச் செய்தி அனுப்பும் தொழிலில் இருக்கிறவருக்கு அது முழு வலுவோடு பேசுகிறது. ஆகவே கடன் நிறுவனத்தில் வேலை பார்க்கலாமா என்று கேட்கிறவரிடம், "யாருக்கு, எதற்காக, திருப்பித் தர முடியாதபோது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன்.

எரியூட்டல் விவகாரமும் இதே வகையில் விளங்கும். அடக்கம் செய்யும் மரபு, சரீரம் உயிர்த்தெழும் என்ற நம்பிக்கைக்கு மரியாதையாக வந்தது. 19ஆம் நூற்றாண்டில் எரியூட்டலை முன்னெடுத்தவர்களில் சிலர் மறுமையை மறுக்கும் அடையாளமாகவே அதைப் பயன்படுத்தியதால், கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் அதைத் தடை செய்தது. அந்தப் பொருள் மங்கியபின் 1963இல் தடை தளர்த்தப்பட்டது; 2016இல் வெளியான அறிவுறுத்தல், சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான இடத்தில் வைக்கச் சொல்கிறது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாக இன்றும் அடக்கத்தையே வலியுறுத்துகின்றன. பல புராட்டஸ்தாந்து சபைகள் குடும்பத்தின் தீர்மானத்துக்கு விடுகின்றன. வடிவம் மாறிய இடத்திலும் மாறாத இடத்திலும் காக்கப்பட்டது ஒன்றே. 177இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவர்கள் இரத்தசாட்சிகளின் உடல்களை எரித்து, இவர்கள் எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம் என்று சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். அந்தச் சபை தன் நம்பிக்கையை அதனால் இழக்கவில்லை. அன்று மாலை என்முன் தயங்கி நின்ற அந்த மனிதருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

நான்காம் படி: புதியதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இது சுருக்கமானது, ஆனால் அடிக்கடி தவறவிடப்படுவது. ஆதியாகமத்தை விளக்கிய ஆதித் திருச்சபைப் போதகர் அகஸ்டின், வானம் பூமி பற்றி அறிந்த புறமதத்தார் முன்னால் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் அறியாமையைப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவர்கள் சொல்வதை யார் நம்புவார் என்று கவலைப்பட்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் கலிலேயோ தண்டிக்கப்பட்டதும், அதில் நேர்ந்த தவறை 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒப்புக்கொண்டதும் இந்தக் கவலைக்குப் பின்னாளில் கிடைத்த சான்றுகள். மருத்துவம் பற்றிய கேள்வி என்றால் மருத்துவரைக் கேளுங்கள். ஒப்பந்தம் என்றால் அதன் விதிமுறைகளை வாசியுங்கள். புதிய கருவி என்றால் அது எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். கைப்பேசிக் குழுக்களில் வலம்வரும் பகிர்வுகள் ஆதாரம் ஆகா, அனுப்பியவர் போதகராகவே இருந்தாலும்.

ஐந்தாம் படி: பாரம் யார் தோளில் விழுகிறது?

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு மரபைக் கண்டிக்கும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் "கொர்பான்" என்று, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் உதவ வேண்டியதில்லை என்ற வழக்கம் இருந்தது. வெளியே பக்தியாகத் தோன்றுகிற அது, முதிய தாயையும் தகப்பனையும் கைவிட இடம் கொடுத்தது. மரபு நல்லதா கெட்டதா என்று பொதுவாக விவாதிப்பதைவிட, அதைக் கடைப்பிடிப்பதால் செலவு யாருக்கு என்று பார்ப்பது பலனுள்ளது.

அடிமை முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே வேதாகமத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள். நான்காம் நூற்றாண்டிலேயே ஆயர் நீசாவின் கிரகோரி, தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதனுக்கு யார் விலை போட முடியும் என்று பிரசங்கித்தார். அப்படியிருந்தும் பிரிட்டனில் அடிமை வணிகம் 1807வரை சட்டப்படி நடந்தது. அத்தனை நூற்றாண்டுகளாக வசனங்களுக்கு விளக்கம் சொன்னவர்கள் பெரும்பாலும் சங்கிலியின் மறுமுனையில் இல்லாதவர்களே.

இதே படிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று பவுல் எழுதியது, சுதந்திரம் பெற்றுவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு. உங்களுக்குக் குற்றமாகத் தோன்றாத ஒன்று, அருகிலிருக்கும் புதியவரை அவர் விட்டுவந்த பழைய அடிமைத்தனத்துக்கு இழுக்குமானால், அங்கே உங்கள் உரிமையை நீங்களே மடக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: தனியாகத் தீர்மானிக்காதீர்கள்

எருசலேமில் ஒருவர் மட்டும் எழுந்து தீர்ப்புச் சொல்லவில்லை, கூடிப் பேசினார்கள். உங்கள் சபையில் போதனைக்கு இறுதிப் பொறுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கரிடையே அது ஆயர்களும் திருத்தந்தையும் சேர்ந்த போதக அதிகாரமான ஆசிரியத்துவம். ஆர்த்தடாக்ஸ் மரபில் சங்கங்களும் ஆதித் திருச்சபைப் பிதாக்களும். புராட்டஸ்தாந்து மரபுகளில் வேதாகமம் இறுதி அளவுகோலாக இருக்க, அதன்கீழ் சினாடுகளோ (சபைப் பேரவைகளோ) மூப்பர் குழுக்களோ இயங்குகின்றன. இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களோடு உடன்படாதவராக இருக்கட்டும். ரோமர் 14ஆம் அதிகாரம் நாட்களையும் உணவையும் பற்றிச் சொல்வதுபோல, சில காரியங்களில் அவரவர் மனதில் நிச்சயித்துக்கொள்ள இடமுண்டு. அந்த இடத்தில் பிறரைக் குற்றவாளி என்று தீர்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதும் பயிற்சியே.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். வீட்டிலோ சபையிலோ ஒருவர் அடிக்கப்படுகிறார், சுரண்டப்படுகிறார், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்றால், அது இந்தப் படிகளில் வைத்து ஆராயவேண்டிய கேள்வி அன்று. பாதுகாப்பான இடமும் சட்டத்தின் உதவியும் முதலில். சபையின் பெயர் கெடும் என்று அமைதி காக்கச் சொல்கிறவர் கொர்பான் சொல்கிறவரே.

ஏழாம் படி: சிறிதாகத் தொடங்கி, தேதி குறித்து, திரும்பிப் பாருங்கள்

செவிலியராகப் பணிபுரியும் ஒரு பெண், ஞாயிறு காலை முறைப்பணி பற்றி எழுதிய பக்கத்தை அவருடைய அனுமதியோடு இங்கே சுருக்கித் தருகிறேன்.

ஓய்வுநாளுக்கு வேதாகமம் தரும் காரணங்கள் இரண்டு என்பதை அவர் கண்டுபிடித்தார். யாத்திராகமம் 20, தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்ததைச் சொல்கிறது. உபாகமம் 5, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று நினைவூட்டுகிறது. ஞாயிறு பொது ஓய்வுநாளாக ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீன் கட்டளை பிறப்பித்தது 321இல். அதற்கு முந்திய விசுவாசிகளுக்கு அது வேலைநாள். 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று பேரரசருக்கு எழுதினார். துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல் நாள் இரவில் கூடியபோது, பவுலின் நெடும்பிரசங்கத்தின் நடுவே ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி விழுந்தான். அவனும் பகல்வேலை முடித்து வந்தவனாக இருக்கலாம் என்று அந்தச் செவிலியர் ஓரத்தில் எழுதியிருந்தார். அதை வாசித்துச் சிரித்துவிட்டேன். நோயாளிகளைக் கவனிப்பது, ஓய்வுநாளிலும் செய்யலாம் என்று இயேசு எடுத்துக்காட்டிய, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதைவிடக் குறைந்ததன்று என்பதிலும் அவருக்கு ஐயமில்லை. ஆகவே வேலையை ஒப்புக்கொண்டார்.

ஆனால் திரையில் ஆராதனை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் ஒப்பவில்லை. யோவானின் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுத நிறைய உண்டு, காகிதத்தாலும் மையாலும் எழுத மனமில்லை, வந்து முகமுகமாய்ப் பேச நம்பியிருக்கிறேன் என்ற வரி இருக்கிறது. காகிதமும் மையும் அன்றைய தொலைத்தொடர்பு. அதை யோவான் பயன்படுத்தவும் செய்தார், அதோடு திருப்தி அடையவும் இல்லை. ஆகவே அந்தப் பெண் மூன்று தீர்மானங்கள் எழுதினார்: முறைப்பணி நாட்களில் நேரலையைப் பார்ப்பது, வாரநாளில் கூடும் சிறு ஜெபக்குழுவுக்கு நேரில் போவது, மாதத்தில் ஒரு ஞாயிறாவது பணிமாற்றம் கேட்பது. கடைசியில், உபாகமத்தை நினைத்து நான்காவதாக ஒன்று: ஞாயிறுகளில் தன் வீட்டு வேலைக்கு வருபவரை இனி அழைப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்திருந்தார். அந்த நாளில் எழுதிய குறிப்பில், நேரலையைப் பாதியில் நிறுத்திவிடுவதாகவும், ஜெபக்குழுவை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை என்றும், பணிமாற்றம் இரண்டு முறையே கிடைத்தது என்றும் இருந்தது. வீட்டு வேலைக்கு வருபவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூலியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது முதல் மாதம் தனக்குத் தோன்றவில்லை என்றும், அவரே கேட்டபிறகுதான் விளங்கியது என்றும் எழுதி, அடுத்த தேதியைக் குறித்திருந்தார்.